கிழங்குத் தன்சலும் நடுச்சுவரும்

வெள்ளவத்தையில நான் கூட்டித் துடைக்கிற ஆபிஸ்ல ரோட்டுக்கு மார்க்ஸ் போடுவாங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குப் போடுற மாதிரியே. இந்த ரோட்டுல எத்தனை வாகனம் போகுது, எத்தனை எக்சிடன், மழை பெஞ்சா தண்ணி நிக்குதா, ரெண்டு பக்கமும் எத்தனை வீட்டை இடிக்கணும், எல்லாத்துக்கும் மார்க்ஸ். கூட்டிப் பாத்து எது முதலாவதா வருதோ, அந்த ரோட்டை அகலமாக்கி, நடுவுல சுவர் கட்டி, போறது ஒரு பக்கம் வர்றது ஒரு பக்கம்னு பிரிச்சு விட்டுருவாங்க. இதை முதல்ல கேட்டப்ப எனக்கு சிரிப்பை அடக்க முடியல. நான் ஒரு பாடத்துலயும் ஒரு மார்க்ஸும் வாங்கினவ இல்ல. ரோடு வாங்குது பாருங்களேன்.

அந்தத் தடவை மூணு ரோடு போட்டியில இருந்திச்சி. மூணும் எனக்கு நல்லாத் தெரியும். எழுத்துல இல்ல, கலர்ல. ஐயாவோட ரூம் சுவத்துல ஒரு பெரிய படம் தொங்குது. களனிப் பக்கம் போறது நீலம். ஹெந்தளைக்கு அங்கிட்டு போறது சிவப்பு. மூணாவது பச்சை, அது எங்கயோ தூரத்துல ஓடுது, அதோட பேரு என் வாயில நுழையாது. இந்த மூணுல ஒண்ணுக்குத்தான் இப்ப நடுச்சுவர். நான் கிழமைக்கு ரெண்டு தரம் அந்தப் படத்துல தூசி தட்டுவேன். சிவப்பு ரோட்டுக்கிட்ட வந்தா மட்டும் துணியை மெதுவாக் கொண்டு போவேன். ஏன்னா அந்த சிவப்புல ஒரு எடத்துல என் தங்கச்சி இருக்கா.

அவளுக்கு அங்க ஒரு பலகைக் கடை. இடியப்பம், ரொட்டி, பருப்பு, தேங்காச் சம்பல், பால் போடாத பிளேன்டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நேரா ஒரு கார்மெண்ட்ஸ். சாப்பாட்டு மணி அடிச்ச உடனே அந்தப் புள்ளைங்க கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, கடைக்குள்ள வந்து விழும். அரை மணித்தியாலந்தான் அதுகளுக்கு லீவு. கை கழுவுறதுக்குள்ள தட்டு முன்னுக்கு இருக்கணும். என் தங்கச்சி அந்த அரை மணித்தியாலம் ஆடுற ஆட்டம் இருக்கே, ரெண்டு கையும் பத்தாது, வாயாலயும் வேலை செய்வா. "அடியே சம்பலை அப்படியே அள்ளாத, உனக்குப் பின்னுக்கு பத்து பேர் நிக்குது." அவ புருசன் போய்ச் சேந்ததுக்குப் பொறவு அந்தக் கடைதான் அவளுக்கு வீடு, வாசல், புருசன், புள்ளை எல்லாம். நடுவுல சுவர் வந்தா அந்தப் புள்ளைங்க ரோட்டைத் தாண்டி வராது. கடை போச்சு. விசயம் அவ்வளவுதான்.

இப்ப நான் எப்படி எண்ணப் போனேன்னு சொல்லணும். அதுதான் ருசியான கதை. நான் சொல்லச் சொல்ல மருமக எழுதுறா, அவ அவசரப்படுத்துறா, நான் விடப் போறதில்ல.

நான் இருக்கிறது கொட்டாஞ்சேனையில. அங்கருந்து வெள்ளவத்தைக்கு தினம் பஸ். பஸ்ஸுல ஏறினா எனக்கு சந்தோசம் தாங்காது. ஜன்னல் பக்கம் கிடைச்சிட்டா பேசாம ராணிதான். எத்தனையோ பேர் போன் பாத்துக்கிட்டுப் போவாங்க, நான் ரோட்டைப் பாத்துக்கிட்டுப் போவேன். ஒரு நாள் ஆபிஸ்ல வாகனம் எண்ணுற ஆளுக்கு டெங்கு வந்திருச்சி. விடிஞ்சா களனிப் பக்கம் எண்ணணும், ஆள் இல்ல. ஐயா தலையில கைய வச்சிக்கிட்டு இருந்தாரு. ஐயா யாழ்ப்பாணத்து ஆளு, இன்ஜினியர், நல்ல மனுசன். கோவம் வந்தா கண்ணாடியைக் கழட்டித் துடைப்பாரே ஒழிய ஒரு சொல்லு சொல்ல மாட்டாரு. நான் மேசை துடைச்சிக்கிட்டிருந்தேன். என்னைய ஒரு மாதிரி பாத்தாரு.

"அம்மா, உங்களுக்கு பஸ்ஸும் லொறியும் பிரிச்சுத் தெரியுமோ?"

"என்னா ஐயா இப்படிக் கேட்டுப்புட்டீங்க? நாப்பது வருசமா பஸ்ஸுல தொங்குறவ நான்."

"ஓம், அது சரி. எழுதத் தெரியாதெல்லே. அதுதான் யோசிக்கிறன்."

"எழுதாம எண்ணுனா ஆகாதுங்களா?"

ஐயா சிரிச்சாரு. நான் சிரிக்கல. மறுநா காலையில ஒரு பையில வெறும் பால்மா டின் அஞ்சு, இன்னொரு பையில தானியம். பஸ்ஸுக்கு கடலை. லொறிக்கு கௌபி. காருக்கும் வேனுக்கும் சோளம். த்ரீவீலுக்கு பயறு. மோட்டார் சைக்கிளுக்கு பருப்பு, அதுதான் பொடிசா ஈ மாதிரி வரும். ஒரு வாகனம் போனா அதுக்குள்ள டின்ல ஒண்ணு. எண்ணவே வேணாம், போட்டா போதும். பின்னேரம் ஆபிஸ்ல அந்தப் பருப்பை யார் எண்ணுறது? அங்க வேலை செய்யிற பொம்பளப் புள்ள ஒண்ணு, அதுவும் யாழ்ப்பாணம், ரொம்பப் புத்தி. "ஐயா, நூறு பருப்பை நிறுத்துப் பாத்திட்டு மிச்சத்தையும் நிறுப்பம்" எண்டிச்சி. கீழ நகைக்கடை. தங்கம் நிறுக்கிற தராசுல என்னோட மோட்டார் சைக்கிளை எல்லாம் வச்சி நிறுத்தாங்க. நகைக்கடைக்காரர் என்னைய கண்ணெடுக்காம பாத்தாரு. டெங்கு வந்த ஆளு முந்தின கிழமை அங்க எழுதின கணக்கும் என் கணக்கும் கிட்டத்தட்ட ஒண்ணா வந்திச்சி. "அம்மா கெட்டிக்காரி" எண்டாரு ஐயா. நான் அன்னைக்கு பஸ்ஸுல ஜன்னல் சீட்டு இல்லாமலே பறந்து வீட்டுக்குப் போனேன்.

அதுக்குப் பொறவு கூட்டுறதோட எண்ணுறதுக்கும் என்னைக் கூப்பிடுவாங்க. ஒரு கதிரை, ஒரு குடை, மினுங்குற மஞ்சள் கோட்டு. சேலைக்கு மேல அதைப் போட்டா பாக்கிறவங்க எந்திரிச்சி நிப்பாங்க போல இருக்கும். அந்தக் கோட்டை நான் வீட்டுக்குக் கொண்டு போய்த் துவைச்சேன். ஒருத்தரும் சொல்லல, நானாத்தான்.

சிவப்பு ரோட்டு முறை வந்திச்சி. "நான் போறேன் ஐயா"ன்னு முந்திக்கிட்டேன். அங்க என் தங்கச்சி இருக்கான்னு சொல்லல. கேட்டா சொல்லியிருப்பேன். அவரு கேக்கல.

அந்தக் கிழமைதான் அந்த யாழ்ப்பாணத்துப் புள்ள யாருக்கோ போன்ல சொல்லிக்கிட்டு இருந்திச்சி. சனம் கூடுதலாக் கடக்கிற எடத்துல சுவரில இடைவெளி விடுவினம், அதால கடக்கிற ஆக்களையும் எண்ணோணும், நான்தான் எண்ணப் போறன், அப்படின்னு. நான் கூட்டிக்கிட்டு இருந்த வெளக்குமாத்தை அப்படியே நிப்பாட்டினேன். இடைவெளி! என் தங்கச்சி கடைக்கு முன்னுக்கு ஒரு இடைவெளி விட்டா போதுமே. சுவர் வந்தா வந்திட்டுப் போகட்டும்.

ஞாயித்துக்கிழமை ஓடினேன் அவகிட்ட.

"அடியே, வர்ற புதன்கெழமை எண்ணுறாங்க, அன்னைக்கு உன் கடை முன்னுக்கு சனம் கடந்துக்கிட்டே இருக்கணும். காலையிலருந்து பின்னேரம் வரைக்கும்."

"அதுக்கு நான் என்னா செய்ய அக்கா? கயிறு கட்டி இழுக்கவா?"

"தன்சல் போடுடி."

தன்சல்னா தெரியும்தானே. போயா நாள்ல, அதான் பௌர்ணமிக்கு, ரோட்டுல நின்னு போற வர்ற சனத்துக்கு சும்மா சாப்பாடு குடுக்கிறது. சிங்களச் சனம் வெசாக்குக்கு செய்யிறது, இப்ப எல்லாரும் செய்யிறாங்க. அவ என்னைய மேலயும் கீழயும் பாத்தா.

"போயா இல்லாத புதன்கெழமையில தன்சலா? பைத்தியம்னு சொல்லுவாங்க."

"சொல்லிக்கிட்டே சாப்பிடுவாங்க. இந்தப் பக்கம் கிழங்கும் கட்டசம்பலும் வை. நல்லா எரியணும், கண்ணுல தண்ணி வரணும். குடிக்கிறதை மட்டும் அந்தப் பக்கம் கார்மெண்ட்ஸ் கேட்டுக்கிட்ட வை. தின்னவங்க எல்லாம் ரோட்டைக் கடந்துதானே ஆகணும்?"

அவ கையில இருந்த அகப்பையைக் கீழ வச்சா. பொறவு விழுந்து விழுந்து சிரிச்சா. "அக்கா, நீ மட்டும் படிச்சிருந்தா நாடு தாங்காது" எண்டா. எனக்கு அப்படி ஒரு பெருமை. நெசமாவே அது நல்ல யோசனைதான். இப்ப நினைச்சாலும் நல்ல யோசனைதான்.

கடைக்குப் பக்கத்துல த்ரீவீல் நிப்பாட்டுற எடம். அங்க ஒரு சிங்கள மனுசன், தங்கச்சியை அக்கேன்னு கூப்பிடுவாரு, காலையில அவ கடையிலதான் ரொட்டி. அவருக்கிட்ட அவ முழுக்கதையும் சொல்லல. கார்மெண்ட்ஸ் புள்ளைங்களுக்கு ஒரு தன்சல் குடுக்கப் போறேன்னு மட்டும் சொன்னா. "அபி பலாகன்னம் அக்கே" எண்டாரு. நாங்க பாத்துக்கிறோம்னு அர்த்தம். பாத்துக்கிட்டாங்க. அங்கதான் எல்லாம் போச்சு.

அந்தப் புதன்கெழமை நான் மஞ்சள் கோட்டைப் போட்டுக்கிட்டு, குடைக்குக் கீழ, கடைக்குக் கொஞ்சம் தள்ளி ஒக்காந்தேன். அந்த யாழ்ப்பாணத்துப் புள்ள அந்தப் பக்கம் கடக்கிறவங்களை எண்ண ஒக்காந்திச்சி, கையில டிக் டிக்னு அமத்துற சின்னச் சாமான். தங்கச்சி என்னையத் தெரியாத மாதிரியே நின்னா. எனக்கு சிரிப்பு, அவளுக்கு அதுக்கு மேல சிரிப்பு. பத்து மணிக்கு கிழங்கு வெந்து இறங்கிச்சி. முதல்ல அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க வந்தாங்க. தின்னாங்க, உஸ் உஸ்ஸுன்னாங்க, அந்தப் பக்கம் பெலிமல், அதான் வில்வம்பூ அவிச்ச தண்ணிக்கு ஓடினாங்க, திரும்பி வந்தாங்க. டிக், டிக். நான் நினைச்ச மாதிரியே.

அப்பதான் த்ரீவீல்காரங்க கொடியோட வந்தாங்க.

தன்சல்னா கொடி ஆட்டணும். கொடி ஆட்டி வாகனத்தை மறிச்சி, எறக்கி, சாப்பிட வச்சித்தான் அனுப்பணும். இந்த நாட்டுல சின்னப்புள்ளைக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனா அன்னைக்கு எங்க ரெண்டு பேருக்கும் அது நெனப்புலயே வரல. அந்த மனுசன் ரோட்டு நடுவுல நின்னு மஞ்சள் கொடியை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுறாரு. அவரோட ஆளுங்க அந்தத் தலைப்புல ஒருத்தன், இந்தத் தலைப்புல ஒருத்தன். முதல்ல ஒரு லொறி நின்னிச்சி. பொறவு பஸ். கண்டக்டர் தொங்கிக்கிட்டே கேக்குறான், "அம்மே, மொனவத தென்னே?" என்னா குடுக்குறீங்கன்னு. "மஞ்ஞொக்கா!"ன்னு எல்லாரும் கத்துறாங்க, மரவள்ளிக் கிழங்குன்னு. பஸ்ஸே காலியாகி எறங்கிச்சி.

பதினொரு மணிக்கு வாகனம் கண்ணுக்கு எட்டின தூரம் நிக்குது. செய்தி எப்படித்தான் பரவுமோ, உள் ஒழுங்கையெல்லாம் இருந்து த்ரீவீலும் மோட்டார் சைக்கிளுமா வந்து கொட்டுது. ஒரே த்ரீவீல் மூணு தரம் சுத்தி வந்திச்சி, நான் பாத்தேன், ஒவ்வொரு தரமும் புதுத் தட்டு. தங்கச்சி வேர்த்து ஊத்தி எனக்குக் கண்ணைக் காட்டுறா, நிப்பாட்டச் சொல்லுன்னு. நான் எப்படி நிப்பாட்டுறது? நான் எண்ணுறவ.

இங்க ஒண்ணு சொல்லணும். நான் போடாம விட்டிருக்கலாம். மூணு தரம் சுத்தி வந்த த்ரீவீலுக்கு ஒரு பயறு மட்டும் போட்டிருக்கலாம். என் டின்னுக்குள்ள எட்டிப் பாக்க அங்க யாரு இருக்கா? நான் விடல. ஒண்ணு விடாமப் போட்டேன். கை தன்னால போகுது. ஒரு மோட்டார் சைக்கிள் என் முதுகுப் பக்கத்தால மண்ணுல ஏறிப் போச்சு, திரும்பிப் பாத்து அதுக்கும் போட்டேன். என்னைய நம்பி ஒரு கதிரை குடுத்திருக்காங்க. என் வாழ்க்கையில யாரும் என் கணக்கை நம்பினதில்ல. என் தங்கச்சியோட சோத்துல நான் மண்ணைப் போடுறேன்னு எனக்குத் தெரியாமலா இருந்திச்சி? ரெண்டு மணிக்கெல்லாம் தெரிஞ்சிருச்சி. தெரிஞ்சும் போட்டேன். சந்தோசமாத்தான் போட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

மூணு மணிக்கு ஐயா வந்தாரு. நடந்து வந்தாரு. சட்டையெல்லாம் ஈரம்.

"என்ன அம்மா இது? கார் அந்தத் தொங்கல்ல நிக்குது. ஒரு மணித்தியாலமா அசையேல்ல."

நான் எந்திரிச்சி நின்னேன். அந்த நேரம் பாத்து, டீக்கு விட்ட நேரத்துல வந்த கார்மெண்ட்ஸ் புள்ளை ஒண்ணு, வாயெல்லாம் எரிஞ்சி, ரெண்டு பஸ்ஸுக்கு நடுவால அந்தப் பக்கம் ஓடிச்சி. எதிர்ப்பக்கத்துல அப்பத்தான் வழி கிடைச்ச ஒரு வேன் சர்ருனு வந்து பிரேக் அடிச்சிச்சி. சத்தத்துல எல்லாரும் கத்தினாங்க. புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. செருப்பு ஒண்ணு மட்டும் ரோட்டுல கிடந்திச்சி. ஐயா கண்ணாடியைக் கழட்டினாரு.

"இஞ்ச ஒவ்வொரு நாளும் சனம் இப்பிடியே கடக்கிறது?"

இல்லைங்க ஐயா, இன்னைக்கு மட்டும்தான், நாங்கதான் செஞ்சோம். இந்தச் சொல்லு வாயில வந்து நின்னிச்சி. சொன்னா கோட்டைக் கழட்டணும். சொன்னா தங்கச்சிக்கு இடைவெளியும் இல்ல. எனக்கு அப்பவும் அந்த இடைவெளி நெனப்புத்தான்.

"ஆமா ஐயா. தன்சல் இல்லாட்டியும் எப்பவும் இப்படித்தான். சனம் கடந்துக்கிட்டே இருக்கும்."

ஐயா தலையை ஆட்டினாரு. தங்கச்சி ஓடி வந்து அவர் கையில ஒரு தட்டுக் கிழங்கைக் குடுத்தா. "சாப்பிடுங்க ஐயா, வெயில்ல வந்திருக்கீங்க." பாவம், அவரு நின்ன நெலையில முழுசும் சாப்பிட்டாரு. "நல்ல ருசி" எண்டாரு. பெலிமல் குடிக்க ரோட்டைக் கடந்தாரு. அந்தப் புள்ள அவரையும் எண்ணிச்சி, டிக்.

முடிவு வர கன நாள் எடுக்கல. நான் அந்த ரூமைத் துடைச்சிக்கிட்டு இருக்கும்போதே பேசினாங்க. நீலம் ரெண்டாவது, பச்சை மூணாவது. சிவப்பு முதலாவது, மத்த ரெண்டும் கிட்டவே வரல. வாகனத்துக்கும் மார்க்ஸ், நெரிசலுக்கும் மார்க்ஸ், ஆபத்துக்கும் மார்க்ஸ். நான் அந்த யாழ்ப்பாணத்துப் புள்ளைகிட்ட மெதுவாக் கேட்டேன், சனம் கடக்கிற எடத்துல இடைவெளி விடுவீங்கதானேன்னு.

"கொஞ்சப் பேர் கடந்தா விடலாம் அம்மா. அவ்வளவு சனம் குறுக்க ஓடினா எப்பிடி விடுறது? செத்துப் போவினம். அந்த இடத்தில சுவருக்கு மேல கம்பி வேலியும் அடிக்கச் சொல்லி ஐயாவே எழுதினவர். மேம்பாலம் சந்தியில வரும்."

சந்தி எங்க, கடை எங்க. அரை மணித்தியாலத்துல போய் ஏறி இறங்கி வர அந்தப் புள்ளைங்களுக்கு என்னா, றெக்கையா இருக்கு? ஐயா மேல எனக்குக் கோவம் இல்ல. அவரு அந்தச் செருப்பைப் பாத்தவரு. ஒரு புள்ளையும் அடிபடக் கூடாதுன்னுதான் எழுதினாரு. அதுக்கு நான் என்னா சொல்ல?

தங்கச்சிகிட்ட நான்தான் போய்ச் சொன்னேன். அவ இடியப்பம் புழிஞ்சிக்கிட்டு இருந்தா. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் புழிஞ்சா.

"வேலியுமா?"

"வேலியும்தான்."

"மத்த ஆளுங்களுக்கெல்லாம் சுவர் மட்டும். எனக்கு வேலியும். நீ எனக்கு நல்லாத்தான் செஞ்சி குடுத்திருக்க அக்கா." சொல்லிட்டு அவளே சிரிச்சா. நானும் சிரிச்சேன். எங்க வீட்டு ஆளுங்க அழ வேண்டிய எடத்துலதான் சிரிக்கும். "எண்ணும்போது ரெண்டு மூணை விட்டிருக்கக் கூடாதா நீ?"

"முடியலடி."

"தெரியும். உன் மூஞ்சியைப் பாத்தேன் அன்னைக்கு. கல்யாணத்தன்னைக்குக் கூட நீ அப்படி இருந்ததில்ல."

சுவர் வந்திருச்சி. வேலியும் வந்திருச்சி. முதல் கிழமை சாப்பாட்டு மணி அடிச்சப்ப அந்தப் புள்ளைங்க கேட்டுக்கிட்ட நின்னு கம்பிக்கூடால கடையைப் பாத்துக்கிட்டு நின்னிச்சாம். ரெண்டு மூணு கையும் காட்டிச்சாம். தங்கச்சி இடியப்பத் தட்டைத் தூக்கிக் காட்டினாளாம். அடுத்த கிழமை கேட்டுக்குப் பக்கத்துல ஒரு வேன்ல யாரோ சோத்துப் பார்சல் கொண்டு வந்தான். பொறவு யாரும் கம்பிக்கிட்ட வரல. வாகனமெல்லாம் இப்ப சூறாவளி மாதிரிப் போகுது, ஒண்ணும் நிக்கிறதில்ல. நானே அவளைப் பாக்கப் போனா சந்தி வரைக்கும் போய், அங்க எறங்கி, கடந்து, வேற பஸ் பிடிச்சித் திரும்பி வரணும். கடையைப் பூட்டி, கண்ணாடி அலுமாரியையும் குடுத்திட்டா. இப்ப அந்த த்ரீவீல் மனுசன் வீட்டுல ஒரு அறையில வாடகைக்கு இருக்கா. அவரு இன்னும், அந்தத் தன்சல் மாதிரி ஒரு தன்சல் இந்தப் பக்கத்துல நடந்ததே இல்லன்னு எல்லாருக்கும் சொல்லிக்கிட்டுத் திரியிறாராம். அவருக்கு இன்னைக்கு வரைக்கும் விசயம் தெரியாது.

தங்கச்சி விடுறவ இல்ல. வேற ரோட்டுல ஒரு சின்ன எடம் பாத்து திரும்பக் கடை போடணும்னு நிக்கிறா. அதுக்கு என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "அக்கா, ஐயாகிட்ட கேளு. எந்த ரோட்டுக்கு எப்பவும் சுவர் வராதுன்னு கேளு. அந்த ரோட்டுலயே போடுறேன்."

நியாயமான கேள்விதானே. ஒரு நாள் ஐயாவுக்கு பிளேன்டி வச்சிட்டு, படத்துக்கிட்ட நின்னு கேட்டேன். ஐயா எந்திரிச்சி வந்தாரு. அந்தப் படத்துல இப்ப மூணு கலர் இல்ல, எத்தனையோ கலர். கையை வச்சி மேலருந்து கீழ வரைக்கும் ஒரு தடவு தடவினாரு.

"எல்லா ரோட்டும் லிஸ்டில இருக்கு அம்மா. எது முதல் எண்டதுதான் எங்கட வேலை."

நல்லதாத்தான் சொன்னாரு, நாடு முன்னேறுதுங்கிற சந்தோசத்துல. நானும் சிரிச்சிட்டு கோப்பையை எடுத்துக்கிட்டு வந்திட்டேன்.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் எடுக்கிறா.

"கேட்டியா அக்கா?"

"ஐயா ஊருக்குப் போயிட்டாருடி. வந்த உடனே கேக்குறேன்."

"மறந்திடாத."

"மறப்பேனா" எண்டு சொல்லிட்டு, சாப்பிட்டியா, முழங்கால் எப்படி இருக்குன்னு வேற கதை கதைக்கிறேன். மறுநா காலையில பச்சை ரோட்டுக்கு எண்ணப் போகணும். கோட்டைத் துவைச்சிக் கொடியில போட்டிருக்கேன், காஞ்சிருச்சான்னு தொட்டுப் பாத்துக்கிட்டே பேசுறேன்.